மதுரையில் இரண்டு அடுப்புகள்



சென்ற மாதம் நம் ஆலயத்தில் அசனம் நடந்தபோது நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் சாம்பார் ஊற்றி வந்தேன். பல ஆண்டுகளாக அருகருகே இலை போட்டு அமர்ந்து பார்த்துப் பழகிய இருவர் அன்று வெவ்வேறு வரிசைகளில் இருந்தார்கள். பாத்திரங்களைக் கழுவி அடுக்கும் வேளையில் ஒருவரைத் தனியே அழைத்து, "உங்களுக்குள் ஏதாவது மனஸ்தாபமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒன்றுமில்லை ஐயரே. ஏதோ பழக்கம் விட்டுப்போச்சு" என்றார். மற்றவரிடமும் கேட்டேன். ஏறக்குறைய அதே விடைதான் கிடைத்தது.

அந்த விடை என்னை விட்டு அகலவில்லை. சண்டையென்றால் அதற்கு ஒரு நாள் உண்டு, ஒரு காரணம் உண்டு. சமரசம் பேசவும் ஒரு வழி உண்டு. பழக்கம் விட்டுப்போவதற்கு நாளும் இல்லை, சாட்சியும் இல்லை. எந்த நாளில் அது தொடங்கிற்று என்று சம்பந்தப்பட்டவர்களாலேயே சொல்ல முடிவதில்லை. ஆனால் நம் மதுரையில், நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், ஒரே வீட்டில் குடியிருந்த இரண்டு ஊழியக்காரர்களுக்கு இடையே உறவு எப்படித் தளர்ந்து பிரிந்தது என்பதற்குக் கடிதங்களும் ஏடுகளும் எஞ்சியிருக்கின்றன. அவர்கள் நம் சபைப் பிரிவைச் சேர்ந்தவர்கள் அல்லர். இயேசு சபைக் குருக்கள். இருந்தபோதிலும் அவர்களுடைய கதை இந்த ஊரின் கதை. ஆகையால் நமக்கும் உரியது.

முதலாமவர் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துக்கீசியர். இளமையில் போர்வீரராக இந்தியாவுக்கு வந்தவர். பின்பு வாளை வைத்துவிட்டு இயேசு சபையில் சேர்ந்தார். முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நெடுங்காலம் ஊழியம் செய்தார். 1595ஆம் ஆண்டு நாயக்க அரசின் அனுமதியோடு மதுரைக்கு வந்து, சிறியதொரு ஆலயமும் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் இடமும் ஏற்படுத்தினார். அவருடைய சபையார் யார்? வாணிபத்தின் பொருட்டு மதுரையில் தங்கியிருந்த பரதவர்களும், வந்துபோகும் சில போர்த்துக்கீசியரும்.

பரதவருக்கும் போர்த்துக்கீசியருக்கும் உறவு ஏற்பட்ட விதத்தை இங்கே சற்று நின்று பார்ப்பது நல்லது. அந்த உறவு அன்பில் தொடங்கவில்லை, ஆபத்தில் தொடங்கியது. முத்துக்குளிக்கும் உரிமைக்காகக் கடற்கரையில் நேர்ந்த மோதல்களில் நசுங்கிப்போன பரதவர், 1530களின் நடுவில் கொச்சிக்குத் தூதனுப்பிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். அதைத் தொடர்ந்து ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். சவேரியார் அக்கரையில் கால்வைத்த 1542இல் அவர்கள் பெயரளவில் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். பிற்பாடு அந்த ஒப்பந்தம் மெல்ல மெல்ல உறவுமுறையாக மாறியது. பெர்னாண்டோ, ரொட்ரிகோ, கோஸ்தா என்னும் பெயர்கள் வீட்டுப் பெயர்களாயின. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தபோது, பாதுகாப்பு என்ற ஆதி காரணம் முற்றிலும் ஒழிந்தது. காரணம் ஒழிந்த பின்பும் உறவு ஒழியவில்லை. பெயரிலும் ஆலயத்திலும் இன்றுவரை நிற்கிறது. தேவையில் பிறந்த உறவு தேவையோடு செத்துவிடும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தூத்துக்குடிக்குப் போய்வந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஆனால் அதே உறவு மதுரையில் வேறொரு விலையைக் கேட்டது. இவ்வூரார் போர்த்துக்கீசியரைப் பறங்கியர் என்றழைத்தார்கள். மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், குளித்துச் சுத்தமாயிராதவர், சாதி ஒழுங்கு இல்லாதவர் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தன. கிறிஸ்தவனாவதென்றால் பறங்கியனாவது என்றே மக்கள் விளங்கிக்கொண்டார்கள். பெர்னாண்டஸ் மதுரையில் ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் உழைத்தும், இந்நகரத்து மக்களிடையே குறிப்பிடத்தக்க ஒரு சபை எழும்பவில்லை. அவர் சோம்பேறி அல்லர். கதவைத் திறந்து வைத்திருந்தார். எவரும் உள்ளே வரவில்லை, அவ்வளவே.

1606ஆம் ஆண்டின் இறுதியில், மாகாணத் தலைவர் ஆல்பர்ட்டோ லேர்சியோ ஓர் இளைஞரை அவரிடம் கொண்டுவந்து சேர்த்தார். பெயர் ராபர்ட் தெ நொபிலி. ரோமாபுரியில் 1577இல் உயர்குடியில் பிறந்தவர். வயது 29. பெர்னாண்டஸோ அறுபதைக் கடந்தவர். இருவரும் ஒரே வீட்டில் தங்கினார்கள். ஒரே அடுப்பில் சமைத்ததை உண்டார்கள், ஒன்றாகவே செபித்தார்கள்.

பிரியமானவர்களே, இந்த முதல் மாதங்களை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. ஒருவர் பழைய போர்வீரர், கடற்கரைத் தமிழும் கடற்கரை மனிதர்களும் பழகியவர். மற்றவர் இத்தாலியச் செல்வக் குடும்பத்துப் பிள்ளை, கல்வியில் தேர்ந்தவர். ஊழியத்தில் மூத்த போதகரோடு இளையவர் ஒருவரை நியமிக்கும்போது நடப்பதை நானும் இருபுறமிருந்தும் அனுபவித்திருக்கிறேன். முதலில் இளையவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். பிறகு ஒருநாள், "இதை ஏன் இப்படிச் செய்கிறோம்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில் குற்றமில்லை. ஆனால் மூத்தவரின் காதில் அது தம்முடைய பதினோரு வருடங்களுக்கு எதிரான தீர்ப்பாக விழும்.

நொபிலி கேட்டார். கேட்டதோடு நிற்காமல் செய்தும் காட்டினார். 1607இல் அவர் அவ்வீட்டை விட்டு வேறிடத்தில் குடில் அமைத்துக்கொண்டார். கறுப்பு அங்கியைக் களைந்து காவியுடுத்தார், பாதக்குறடு அணிந்தார், கமண்டலம் ஏந்தினார். இறைச்சியை விட்டார். பிராமணச் சமையற்காரர் ஒருவரை அமர்த்தி, நாளுக்கு ஒருவேளை அரிசியும் காய்கறியுமாக உண்டார். இதற்கெல்லாம் மேலதிகாரிகளின் சம்மதம் பெற்றிருந்தார். அவருடைய நோக்கம் தெளிவானது: நற்செய்தி வேறு, பறங்கி நடை வேறு என்று இம்மக்கள் கண்ணால் காணவேண்டும்.

மதுரையில் கிறிஸ்தவத்துக்கு இரண்டு அடுப்புகள் மூட்டப்பட்டது இப்படித்தான்.

இரண்டாவது அடுப்பைச் சுற்றிச் சூடான உறவுகள் உண்டாயின என்பதை நாம் மறைக்கலாகாது. சிவதர்மர் என்னும் தெலுங்குப் பிராமண அறிஞர் நொபிலிக்குச் சமஸ்கிருதம் கற்பிக்க இசைந்தார். அந்நியருக்கு அதைக் கற்பிப்பது அவருக்கு ஆபத்தான காரியம். ஆசிரியரும் மாணவருமாகத் தொடங்கியவர்கள் நாட்கணக்கில் விவாதித்தார்கள். 1609இல் ஆசிரியரே மாணவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்ற நொபிலி, தத்துவ போதகர் என்னும் பெயரோடு ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம் முதலிய உரைநடை நூல்களை எழுதினார். தமிழ் கிறிஸ்தவ உரைநடையின் தொடக்க காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரைத் தாண்டிப் போக முடியாது. நான் இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில் அவரை வீரராகவே கற்றுக்கொண்டேன். தேர்வில் பெர்னாண்டஸைப் பற்றி ஒரு கேள்வியும் வந்ததில்லை.

இப்போது முதல் அடுப்பினருகே இருந்த கிழவரைப் பாருங்கள்.

நேற்றுவரை தம்மோடு உண்டவர் இன்று தம்மோடு உண்ணமாட்டார். தம் வீட்டுக்குப் பகிரங்கமாக வரமாட்டார். வந்தால் தீட்டுப்பட்டவராக ஊரார் கருதுவர். தம்முடைய பரதவச் சபையார் அந்தப் புதிய ஆலயத்தில் நுழைய இடமில்லை. 1611இல் நொபிலி ஓர் ஓலையை எழுதித் தம் வாசலில் வைத்தார்; தாம் பறங்கியல்லர், பறங்கி நாட்டில் பிறந்தவருமல்லர், ரோமாபுரியில் அரச நிலையிலுள்ள குடியில் பிறந்தவர் என்று அதில் அறிவித்தார். சொன்னதில் பொய்யில்லை. இத்தாலியர் போர்த்துக்கீசியர் அல்லரே. ஆனால் 'நான் பறங்கியல்லன்' என்ற வாக்கியத்தை அடுத்த தெருவில் இருக்கும் போர்த்துக்கீசியர் வாசித்தால், அவருக்கு அது எப்படி ஒலிக்கும்? 'இவனுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்றுதான். ஒருவரோடு நெருங்குவதற்காக இன்னொருவரை அறியேன் என்று சொல்வதில், அந்தச் சொல்லைக் கேட்கிறவனுக்கு உண்மை பொய் என்ற கணக்கு ஆறுதலாவதில்லை.

பெர்னாண்டஸ் 1610இல் ரோமாபுரியிலிருந்த இயேசு சபைத் தலைமைக்குப் புகார்க் கடிதம் எழுதினார். உடை, உணவு, குடுமி, சடங்குச் சாயல்கள், இரண்டாகப் பிரிந்த ஆலயங்கள் என்று குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன. என் எண்ணத்தில், அந்த உறவு உண்மையில் முறிந்த இடம் வீட்டை விட்டு வெளியேறிய நாளன்று, இந்தக் கடிதத்தில்தான். வெளியேறியபோது இருவருக்கிடையே தூரம் உண்டாயிற்று. எழுதியபோதோ அவர்களுக்கிடையே மூன்றாம் நபர்கள் வந்து அமர்ந்தார்கள். அதன்பின் அவர்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. ஒருவரைப்பற்றி ஒருவர் மற்றவர்களிடம் பேசினார்கள். கொச்சியிலும் கோவாவிலும் ரோமாபுரியிலும் பேசினார்கள். மதுரையில் இரு வீடுகளுக்கும் இடையே ஒரு சிறு நடைதூரம்தான் இருந்திருக்கும்.

அக்காலத்தில் ரோமாபுரிக்குச் சென்ற கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் இரண்டு மழைக்காலங்கள் போய்விடும். ஆகவே பதில் வந்துசேரும்போது அது பழைய கேள்விக்கான பதிலாயிருக்கும். அதற்குள் இங்கே காயம் வேறாக வளர்ந்திருக்கும். நொபிலியின் சொந்த உறவினராகிய கர்தினால் பெல்லார்மின் தாமும், பிறர் சொல்லக் கேட்டதை வைத்து, அவரைக் கண்டித்து எழுதினார். அது நொபிலியை மிகவும் வாட்டிற்று. முழு விவரமும் சென்றடைந்த பின் கர்தினால் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். இரத்த உறவும் தூரத்திலிருந்து கேள்விப்பட்டதன் முன் அசைந்துபோனதே! நம்முடைய நாட்களில் கைப்பேசிச் செய்தி ஒரு நொடியில் போகிறது. கேள்விப்பட்டதை நம்பும் வேகமும் அதற்கேற்பக் கூடியிருக்கிறது, வேறொன்றும் மாறவில்லை.

1616இல் பெர்னாண்டஸ் வேறொரு வேலை செய்தார். நொபிலி மேற்கொண்ட பழக்கங்கள் வெறும் நாட்டு வழக்கங்கள் அல்ல, சமயச் சடங்குகளே என்று நிரூபிப்பதற்காக, பிராமணரின் சடங்குகளையும் வாழ்க்கை முறைகளையும் விரிவாக விவரித்து ஒரு நூலைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். எனக்கு வியப்பளிப்பது இதுதான்: இருபது ஆண்டுகளாக அந்தத் தெருக்களில் வாழ்ந்தவர், தம் அயலாரின் வாழ்க்கையை இவ்வளவு கூர்ந்து கவனித்து எழுதியது தம் சகோதரரைக் குற்றப்படுத்தும்பொருட்டே. அந்த நூல் அச்சேறாமல் கிடந்து, 1973இல்தான் லிஸ்பன் நகரில் பதிப்பிக்கப்பட்டது. இன்று ஆராய்ச்சியாளருக்கு அது ஒரு புதையல்.

1619இல் கோவாவில் ஆயர்களும் இறையியலாரும் கூடி இவ்வழக்கை விசாரித்தார்கள். கோவாவின் பேராயர் நொபிலிக்கு எதிராக நின்றார். முடிவு ரோமாபுரிக்கு விடப்பட்டது. 1623 ஜனவரி 31ஆம் நாள் பதினைந்தாம் கிரகோரி பாப்பு தீர்ப்பளித்தார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைச் சமயப் பொருள் நீக்கிக் குலவழக்கமாகக் கைக்கொள்ளலாம் என்றார். நொபிலி வென்றார். ஆனால் அந்தத் தீர்ப்போலையில் ஒரு வேண்டுகோளும் இருந்தது: உயர்குலப் பெருமையுள்ளோர் எளிய நிலையிலுள்ளோரை, விசேஷமாக ஆலயத்தில், இழிவாக எண்ணவேண்டாம் என்பது. ரோமாபுரியில் இருந்தவர்களுக்கே அந்த இரண்டாவது அடுப்பின் புகை எட்டியிருந்தது.

ஆனால் அந்த வேண்டுகோளால் அடுப்புகள் ஒன்றாகவில்லை. 1640 முதல், பிராமண சந்நியாசிகளாக வாழும் குருக்களைத் தவிர, பிற சாதியாரிடையே ஊழியம் செய்யப் பண்டாரசுவாமிகள் என்னும் தனிப் பிரிவினரை ஏற்படுத்தினார்கள். பல்தசார் தா கோஸ்தா அவர்களுள் முதல்வர். எண்ணிறந்த எளிய மக்களுக்கு இதனால் வாசல் திறந்தது; அதை நன்றியோடு சொல்லவேண்டும். ஆனாலும் ஒரே சபையின் குருக்கள், ஒரே வாக்குத்தத்தம் செய்தவர்கள், ஊரார் காணும்படி ஒரே இலைவரிசையில் அமர இயலாதவர்களானார்கள். இரண்டு மனிதருக்கிடையே விட்டுப்போன பழக்கம், ஒரு தலைமுறைக்குள் ஒழுங்குமுறையாகிவிட்டது. உறவு மங்குவதில் நான் அஞ்சுவது இதையே. முதல் தலைமுறை வருத்தத்தோடு விலகி நிற்கும். அடுத்த தலைமுறைக்கு அந்த விலகல்தான் ஒழுங்கு. ஏன் என்று கேட்கவும் தோன்றாது.

நம்முடைய பக்கத்தையும் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 1834இல் அமெரிக்க மிஷனெரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிலர் உதவியாளர்களாக உடன் வந்தார்கள். பசுமலையும் அமெரிக்கன் கல்லூரியும் நம் மருத்துவமனைகளும் அந்த வேரிலிருந்து வந்தவை. அச்சபைகளிலும் தனித்தனியே உண்ணும் வழக்கம் புகுந்திருந்தது. 1847இல் மிஷனெரிகள் நொபிலிக்கு நேர் எதிரான வழியைத் தெரிந்துகொண்டார்கள். தாழ்த்தப்பட்டவர் சமைத்ததைச் சபையார் யாவரும் உண்ணவேண்டும். உண்ண மறுப்பவர் சபையில் நீடிக்க முடியாது என்றார்கள். உபதேசியார் பலர் மறுத்து வேலையை இழந்தார்கள். நல்ல உழைப்பாளிகள், வெயிலில் ஊர் ஊராக நடந்தவர்கள், ஒரே வாரத்தில் அந்நியரானார்கள். காலப்போக்கில் திரும்பி வந்தவர்களும் உண்டு.

அந்தத் தீர்மானம் சரியானது என்றே நான் நம்புகிறேன். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்கெடுத்துவிட்டு வெளியே வந்து தனித்தனி இலை போடுவதற்கு எந்த இறையியலும் துணைநிற்காது. ஆயினும் கட்டளையினால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் அருகருகே உண்டார்களே தவிர, பக்கத்து இலைக்காரருடைய வீட்டுக்குப் போனார்களா என்பது வேறு கேள்வி. கட்டளையால் இலையைப் பக்கத்தில் போடலாம். பேச்சைக் கட்டளையால் வரவழைக்க முடியுமா? நம் அசனப் பந்தியில் யார் யார் பக்கத்தில் யார் யார் அமர்கிறார்கள் என்பதை நான் வாளியோடு நடக்கையில் பார்க்கிறேன், பிரியமானவர்களே. நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

அந்தியோகியாவிலும் இதே பந்திதான் பிரச்சினையாயிற்று என்பது உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து எழுந்து விலகினார். நொபிலி மதுரையின் கண்களுக்காக விலகினார். பேதுரு எருசலேமின் கண்களுக்காக. இருவருக்கும் உண்டு எழுந்த இடத்தில் ஒருவர் மிச்சமிருந்தார். கலாத்தியர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் நாம் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். பவுல் அதைப்பற்றிப் பேதுருவின் மேலதிகாரிகளுக்கு எழுதவில்லை. எல்லாருக்கும் முன்பாக, பேதுருவின் முகத்துக்கு நேரே சொன்னார். கடுமையாகத்தான் சொன்னார். பேதுரு என்ன பதில் சொன்னார் என்று அங்கே எழுதப்படவில்லை. ஆனால் சொல்லப்பட்டவர் அங்கேயே இருந்தார். பெர்னாண்டஸுக்கு அந்தச் சந்தர்ப்பம் கிடைத்ததா, கிடைத்தும் வயதும் மானமும் தடுத்தனவா, என்னால் தீர்ப்பிட முடியவில்லை. நொபிலியாவது இறங்கிப்போய் அந்தக் கிழவரின் அடுப்பருகே ஒருமுறை உட்கார்ந்திருக்கலாமே என்று சில இரவுகளில் தோன்றும். உட்கார்ந்திருந்தால் சிவதர்மரை இழந்திருப்பார். அதுதான் இந்தக் கதையின் கொடுமை.

நொபிலி கடைசி ஆண்டுகளில் பார்வை மங்கியவராய் யாழ்ப்பாணத்துக்கும் பின்பு மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். 1656 ஜனவரி 16ஆம் நாள் மயிலாப்பூரில் மரித்தார். தாம் மூட்டிய அடுப்புள்ள மதுரையில் அவருக்குக் கல்லறை இல்லை.

அந்தப் பேதுருவின் விலகலில் பர்னபாவும் இழுபட்டுப்போனார் என்று பவுல் வருத்தத்தோடு குறிப்பிடுகிறார். அதன்பின் மாற்குவைப் பற்றி இருவருக்கும் கடுங்கோபம் மூண்டு, ஒருவர் சீப்புருவுக்கும் மற்றவர் சீரியாவுக்கும் போனார்கள். அவர்கள் மீண்டும் சந்தித்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. ஆனால் சில ஆண்டுகளுக்குப் பின் கொரிந்தியருக்கு எழுதும்போது, கைத்தொழில் செய்து பிழைத்துக்கொண்டே ஊழியம் செய்பவர்கள் என்று பேச்சு வருகையில், பவுல் தம் பெயரோடு பர்னபாவின் பெயரையும் சேர்த்தே எழுதுகிறார். ஒன்பதாம் அதிகாரம், ஆறாம் வசனம். அங்கே அந்தப் பெயரைச் சொல்லவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

உங்கள் போதகர்